பசறை ரோட்டில் கைமாறிய போன்

போன வருட ஐப்பசி மழையின்போது, பசறையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸுக்குள் நடந்தது இது. பஸ்ஸில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ நடந்திருக்கும். பர்ஸ் தொலைந்திருக்கும், மாப்பிள்ளை கிடைத்திருக்கும். எனக்கு நடந்ததைக் கேட்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அந்தச் சாமான் என்னிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. உங்களிடம் இருக்கும் என்று நம்பிச் சொல்கிறேன்.

நமுனுகுலப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டியிருக்கும் காம்பராக்களில் ஒன்றில், நானும் அம்மாவும் இருக்கிறோம். அப்பா நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே தவறிவிட்டார். நான் கணினி படித்தேன். படித்து முடித்ததும் கொழும்பில் வேலையும் கிடைத்தது. சேர வேண்டிய கிழமைக்கு முந்தின கிழமை, அம்மா கொழுந்துக் கூடையோடு மலையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் கைத்தடியோடு வாசல் வரை நடப்பதுதான் முடிந்தது. அந்த வேலையை விட்டேன். பிறகு வந்த இன்னொன்றையும் விட்டேன்.

மூன்றாவதாக வந்ததுதான் முக்கியம். "வீட்டிலிருந்தே செய்யலாம்" என்று சொன்ன முதல் நிறுவனம் அது. அதுவும் இல்லையென்றால் வேறு வழியில்லை. அம்மாவை வெலிமடையில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு நான் கொழும்புக்குப் போக வேண்டும் என்று பேசி முடித்திருந்தோம். சித்தி நல்லவர்தான். ஆனால் அந்த வீட்டில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு இடம் போக மிச்சத்தில்தான் மனிதர்கள் படுக்கிறார்கள். அம்மா வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. துணிகளை மட்டும் மடித்து மடித்து வைத்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அந்த நிறுவனம் ஒரு தேர்வு வைத்தது. பழுதான ஒரு நிரலை அனுப்புவார்கள். அதைச் சரிசெய்து, ஏன் அப்படிச் செய்தோம் என்று நாலு வரி எழுதி, மாலை ஐந்து மணிக்குள் ஒன்லைனில் அனுப்ப வேண்டும். நிரல் இருந்தது ரஸ்ட் என்ற மொழியில்.

அந்த மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஓடிவிடாதீர்கள். நாம் எழுதுவதைக் கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்க கம்பைலர் என்று ஒன்று இருக்கிறது. மற்ற மொழிகளின் கம்பைலர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இது விடாது. மாமியார் மாதிரி என்பார்கள். எனக்கு இன்னும் மாமியார் வாய்க்கவில்லை, அதனால் தெரியாது. இந்த மொழியில் ஒரு தகவலுக்கு ஒரே ஒரு சொந்தக்காரர்தான். மற்றவர்கள் அதை இரவல் வாங்கலாம். இரவல் என்று காட்டப் பெயருக்கு முன்னால் ஒரு சின்னக் குறி போட வேண்டும். சொந்தக்காரரின் வேலை முடிந்ததும் தகவல் அழிந்துவிடும். அதற்குப் பிறகும் யாராவது இரவலைப் பிடித்துக்கொண்டிருந்தால், அவர் கையில் இருப்பது ஒன்றுமில்லாத இடத்துக்கான வழி மட்டும்தான். அப்படி நடக்க வாய்ப்பிருந்தாலே கம்பைலர் நிரலை ஓட விடாமல் நிறுத்தி, இரவல் கொடுத்தது அவ்வளவு காலம் உயிரோடு இருக்காது என்று சிவப்பில் எழுதிக் காட்டும்.

எனக்கு வந்த நிரலில் அதுதான் கோளாறு. குளிர் அறைகளில் உள்ள கருவிகள் அனுப்பும் வரிகளை ஒவ்வொன்றாக வாசித்து, எந்த அறையில் எவ்வளவு குளிர் என்று ஒரு பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒரு வரியை வாசிக்கும்போது அறையின் பெயர் உருவாகிறது. அடுத்த வரிக்குப் போனதும் அந்தப் பெயர் அழிகிறது. பட்டியலோ கடைசி வரைக்கும் இருக்கிறது. பெயரைப் பட்டியலுக்கு இரவலாகக் கொடுத்தால் எப்படி நிற்கும்?

இப்போது சுலபமாகச் சொல்லிவிட்டேன். அன்று காலையிலிருந்து அது என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அதற்குக் காரணம் நான் வளர்ந்த இடம் என்று நினைக்கிறேன். எங்கள் லயத்தில் மிக்ஸி மூன்றாம் காம்பராவில் இருக்கிறது, அயர்ன் பொக்ஸ் கடைசிக் காம்பராவில் இருக்கிறது, ஏணி எங்களிடம் இருக்கிறது. யாருக்கு எது வேண்டுமோ சுவரைத் தட்டிக் கேட்டு வாங்கிக்கொள்வோம். இரவல் கொடுத்தவர் எங்கேயும் போய்விட மாட்டார், சுவருக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டு இருப்பார். கொடுத்தவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவே தேவை வந்ததில்லை. அதனால் அந்த நிரலில் இரவல் குறியைப் பார்த்தபோது எனக்கு அதில் தப்பே தெரியவில்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டு சுற்றி இருந்த எல்லாவற்றையும் மாற்றினேன். இத்தனை காலம் உயிரோடிருக்கும் என்று காட்டுகிற அடையாளங்களை எல்லா இடத்திலும் ஒட்டினேன். அந்த அடையாளம் ஒரு பொருளின் ஆயுளை நீட்டாது, இருக்கிற ஆயுளை எடுத்துச் சொல்ல மட்டும் செய்யும். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒட்டினேன். பதற்றத்தில் மனிதர் என்னதான் செய்ய மாட்டார்கள்.

மத்தியானம் ஆகும் முன்னே கரண்ட் போனது. மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது என்றார்கள். கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிட்டது. போனில் ஒரு கோடுகூட இல்லை. நெட் இல்லாமல் நிரலைத் திருத்தலாம், அனுப்ப முடியாது. லெப்டொப்பில் சார்ஜ் பாதிக்குக் கீழே. பதுளைக்குப் போய் ஏதாவது ஒரு கடையில் உட்கார்ந்தால்தான் உண்டு என்று கிளம்பினேன். பக்கத்துக் காம்பரா அக்காவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மாவிடம் தயங்கி நின்றேன்.

"போயிட்டு வா. நான் எங்க ஓடிப் போகப் போறேன்?" என்றார் அம்மா, கைத்தடியை ஆட்டிக் காட்டி.

பசறையில் பஸ் மாறி ஏறியபோது ஒரு நம்பிக்கை இருந்தது. ஏறிக் கொஞ்ச தூரத்திலேயே அது போய்விட்டது. முன்னால் மண் சரிந்து ரோட்டில் பாதியை மூடியிருந்தது. பெக்கோ மெஷின் வந்து மண்ணைத் தள்ளினால்தான் பஸ் போகும் என்றார் கொண்டக்டர். பஸ்ஸில் இருந்தவர்கள் கச்சான் கடலை உரித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னல் வழியாகப் போனை நீட்டினேன். கதவுப் படியில் நின்று நீட்டினேன். இறங்கி மழையில் நீட்டினேன். சிக்னல் இல்லை. மறுபடி வந்து லெப்டொப்பைத் திறந்து, அதே சிவப்பு எழுத்தைப் பார்த்து, மூடினேன். திரும்பத் திறந்தேன்.

பக்கத்தில் ஜன்னலோரம் ஓர் அக்கா, மடியில் தூங்குகிற பெண்பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார். என் ஆட்டத்தில் பிள்ளை எழும்பிவிடுமோ என்று பயந்தாரோ என்னவோ, என் முழங்கையை மெதுவாகத் தொட்டார்.

"என்னாங்க தங்கச்சி, ஏதாச்சும் அவசரமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையும் கோபமும் கலந்த குரலில் வேலை, தேர்வு, ஐந்து மணி, அம்மா என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கைப்பையிலிருந்து தன் போனை எடுத்துப் பார்த்தார். அது வேறு கம்பனி சிம். அதில் இரண்டு கோடு இருந்தது.

"இதுல நெட் வருது. அந்த ஹொட்ஸ்பொட்டோ என்னமோ, அத எப்படிப் போடுறதுன்னு பாத்துப் போட்டுக்கங்க."

போட்டேன். கனெக்ட் ஆனது. அந்த நேரத்தில் அவர் காலில் விழச் சொல்லியிருந்தாலும் விழுந்திருப்பேன். அவரோ தன் பாட்டுக்குப் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் அவர்களுக்குப் புடவைக் கடை இருக்கிறது என்றும், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்றும், வழியில் இருக்கும் தன் அம்மா வீட்டில் இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று போவதாகவும் சொன்னார். நான் ம்ம் போட்டுக்கொண்டே சிவப்பு எழுத்தோடு மல்லுக்கட்டினேன். அவர் சொன்னதில் "வழியில் இருக்கும் அம்மா வீடு" என்ற பகுதி என் மண்டையில் ஏறவே இல்லை.

பெக்கோ வந்தது, வழி விட்டது, பஸ் நகர்ந்தது. நாலு மணி தாண்டிவிட்டது. நான் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று முளைத்தது. கையில் வியர்வை, காலில் மழை ஈரம். அப்போது அந்த அக்கா பையைத் தோளில் மாட்டினார். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டார்.

"தங்கச்சி, நான் எறங்கணும். அடுத்த ஹோல்ட்."

அவர் இறங்கினால் போன் போகும், போன் போனால் நெட் போகும். காலையிலிருந்து கம்பைலர் என்னிடம் கத்திக்கொண்டிருந்ததை இப்போது பஸ் கத்தியது. இவ்வளவு நேரமும் அவர் கடைசி வரை பக்கத்தில் இருப்பார் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் லயத்து ஆட்களைப் போல. போனை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை.

"உங்க வேல முடியலல்ல? வச்சிருங்க. முடிச்சிட்டு எங்க கடையில குடுத்துருங்க. எங்க வீட்டுக்காரர் இருப்பாரு."

"அக்கா, என்னைய யாருன்னே தெரியாதே உங்களுக்கு!"

"அதுக்கென்ன? போனுக்கு லொக்கும் இல்ல, புள்ள வெளையாடுற போன் தான்."

பஸ் நின்றது. அவர் பிள்ளையின் தலையைச் சேலையால் மூடிக்கொண்டு இறங்கி, மழையில் ஒற்றையடிப் பாதையில் ஏறிப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பெயரையும் கேட்கவில்லை, நானும் அவர் பெயரைக் கேட்கவில்லை. பஸ் புறப்பட்டபோது அந்தப் போன் என் மடியில் இருந்தது. இரண்டு கோடும் அப்படியே இருந்தன.

கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு லெப்டொப்பைப் பார்த்தேன். அந்தப் பட்டியலும் என்னைப் போலத்தானே மாட்டிக்கொண்டு நிற்கிறது? கொடுத்தவர் போன பிறகும் அதற்குப் பெயர் வேண்டும். அப்படியானால் எதற்கு இரவல்? பெயரையே கொடுத்துவிட வேண்டியதுதானே. காலையிலிருந்து நான் தொடாமல் வைத்திருந்த அந்த இரவல் குறியை எடுத்தேன். பெயர்களைப் பட்டியலே சொந்தமாக வைத்துக்கொள்ளும் என்று ஓரிடத்தில் மாற்றினேன். ஒட்டிவைத்த அடையாளங்களை எல்லாம் பிய்த்து எறிந்தேன். கம்பைலரை ஓடவிட்டேன். காலையிலிருந்து இருந்த சிவப்பு மறைந்தது. அந்த இடத்தில் புதிதாக ஒரு சிவப்பு வந்தது.

கைமாறிய பொருளைப் பழைய இடத்தில் போய்த் தேடுகிறாய் என்றது. பெயரைப் பட்டியலுக்குக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிந்தைய வரியில் அதே பெயரைத் திரையில் காட்டச் சொல்லியிருந்தது நிரல். அதைத் திட்டத் தொடங்கும்போதே அக்காவின் போன் அடித்தது.

திரையில் ஓர் ஆணின் படம். தோளில் அந்தப் பெண்பிள்ளை. வீட்டுக்காரர்தான், வேறு யார். எடுக்கப் போன விரல் நின்றுவிட்டது. அந்தப் போனில் அழைப்பு வந்தால் நெட் அறுந்துவிடும் என்று அப்போதுதான் கண்டேன். லெப்டொப்பில் தேர்வுப் பக்கம் உறைந்துபோய் நின்றது. அவரிடம் பேசினால் யார் நீ, என் மனைவி எங்கே, போன் எப்படி உன்னிடம் என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். நேரமோ ஐந்தை நெருங்குகிறது. கட் பண்ணினேன்.

திரையில் காட்டும் வரியை முதலில் வைத்து, கொடுக்கும் வரியைப் பின்னால் வைத்தேன். பார்த்து முடித்துவிட்டுக் கொடு, கொடுத்த பிறகு தேடாதே, அவ்வளவுதான் விஷயம். ஓடவிட்டேன். சிவப்பு இல்லை. அன்றைக்கு முதல் தடவையாக அந்தத் திரையில் ஒரு சிவப்பும் இல்லை. மறுபடி போன் அடித்தது. மறுபடி கட் பண்ணினேன்.

இதைக் கொண்டக்டர் பார்த்துவிட்டார். அவர் சிங்கள ஆள், தங்கச்சி என்பதற்கு நங்கி என்றுதான் வாயில் வரும், மற்றபடி தமிழும் நன்றாகப் பேசுவார்.

"நங்கி, அது அந்த எறங்கின அக்காட போன் தானே? ஏன் கட் பண்றது?"

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட்டது. "அந்த அக்காதான் குடுத்துட்டுப் போனாங்க" என்றேன். சொல்லும்போதே அது பொய் மாதிரிதான் எனக்கே கேட்டது. யாராவது முன்பின் தெரியாத ஆளிடம் போனைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போவார்களா? கொண்டக்டர் தலையாட்டினார். ஆனால் என் சீட்டைவிட்டு நகரவில்லை. பின்கதவுப் பக்கம் நான் போய்விடாதபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திருடி என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாலும் பரவாயில்லை போல இருந்தது.

அந்த நிலைமையில் நாலு வரி எழுத வேண்டும். என்ன எழுதினேன் என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. பட்டியல் அந்தப் பெயரைவிட நீண்ட காலம் இருக்கப் போகிறது, இரவல் வாங்கினால் போதாது, அதனால் பெயரைப் பட்டியலுக்கே கொடுத்துவிட்டேன் என்று எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். வட்டம் சுற்றியது. மறுபடி போன். கட். மறுபடி அழுத்தினேன். வட்டம் சுற்றியது, சுற்றியது. பதுளை டவுனுக்குள் பஸ் திரும்பும்போது, கிடைத்தது என்று பச்சையில் வந்தது. நிமிர்ந்து கொண்டக்டரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

உடனே அந்த நம்பருக்கு நானே எடுத்தேன். எதிர்பார்த்தது எல்லாம் கிடைத்தது. "யாரு நீ? எங்க அவ? போன எதுக்கு கட் பண்ற?" என்று அவர் கத்தியது பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று என் அம்மாவைக் கேட்டால் தெரியும். அவர் மனைவி தன் அம்மா வீட்டுக்குப் போய், அங்கிருந்து கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறார். அந்த வீட்டிலும் காலையிலிருந்து கரண்ட் இல்லை, அங்கிருந்த போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்திருக்கிறது. பாவம் மனிதர், ரோட்டில் மண் சரிந்த செய்தியையும் கேட்டுவிட்டு, கைமாறிய போனில் மனைவியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நேரே கடைக்கு ஓடவில்லை. எங்கள் லயத்தில் இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒரு பிடி சீனியோ நாலு மிளகாயோ போட்டுத்தான் கொடுப்போம். போனுக்குள் எதைப் போடுவது? நடைபாதையில் வெலிமடைக் கரட் குவித்து வைத்திருந்தார்கள். ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டேன்.

கடைக்கு முன்னால் அவர் முகம் சிவந்து நின்றுகொண்டிருந்தார். போனை இரண்டு கையாலும் கொடுத்தேன். வாங்கினார். கரட் பையையும் நீட்டினேன். அதை என்ன செய்வது என்று தெரியாமல் முழித்தார். அந்த நேரம் பார்த்து அவர் கையிலிருந்த போன் அடித்தது; யாரோ பக்கத்து வீட்டாரின் போனிலிருந்து அந்த அக்கா. அவர் பேசினார் என்பதைவிட ஏச்சு வாங்கினார் என்று சொல்ல வேண்டும். கடைசியில் போனை என்னிடம் நீட்டினார்.

"அனுப்பிட்டீங்களா?" என்று அக்கா கேட்டார். முதல் கேள்வியே அதுதான். போன் பத்திரமா என்று கேட்கவில்லை.

"அனுப்பிட்டேங்க்கா. ஒரு பை கரட்டும் குடுத்திருக்கேன்."

"போனுக்குக் கரட்டா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் பிள்ளை எழும்பி அழுதது எனக்குக் கேட்டது. வீட்டுக்காரரின் முகமும் அப்போதுதான் இளகியது. என்னை உட்காரச் சொல்லி, தேத்தண்ணி வாங்கி வரச் செய்தார்.

வேலை கிடைத்தது. கடைசி நேர்காணலில் அந்த நாலு வரி நன்றாக இருந்தது என்றார்கள், எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டார்கள். பஸ்ஸில் யோசித்தேன் என்று மட்டும் சொன்னேன். அம்மா மடித்து வைத்த துணிகளை மறுபடி கொடியில் போட்டுவிட்டார். சித்தி வீட்டில் உருளைக்கிழங்குகள் நிம்மதியாக இருக்கின்றன.

அந்தச் சிவப்பு எழுத்தை இப்போது கிட்டத்தட்ட தினமும் பார்க்கிறேன், அதுதான் என் பிழைப்பு. முன்பைப் போலவே எரிச்சல் வருகிறது, எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன், அம்மா "உக்காரு புள்ள" என்று அதட்டுகிறார். ஆனால் திரும்ப வந்து உட்கார்ந்ததும் முதலில் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: தான் இறங்கிப் போன பிறகும் எனக்கு வேண்டியிருக்கும் என்பதை எனக்கு முன்பே யோசித்துவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போன அந்த அக்காவின் முதுகு.